இன்ஜின் நின்ற பிறகு விழுகிறவர்கள்

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, இருபது வருஷமாகச் செயின் வண்டி, அதாவது டயருக்குப் பதில் இரும்புச் செயினில் நகரும் பொக்லைன், ஓட்டுகிறவர். ராதாபுரம் பக்கம் ஒரு கல்குவாரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் சாயங்காலம் பக்கெட்டைத் தரையில் வைத்து, இன்ஜினை அணைத்து, ஒரு கையில் தண்ணீர் கேனும் இன்னொரு கையில் சாப்பாட்டுத் தூக்குமாக இறங்கினார். கேபின் வாசலிலிருந்து செயின்மேல் ஒரு கால், அங்கிருந்து தரைக்கு ஒரு குதி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான் இறங்கிவந்தார். அன்றைக்குக் கால் விழுந்த இடத்தில் ஒரு ஒன்றரை இன்ச் ஜல்லி கிடந்தது. நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தவர் மதினியிடம், “ஒண்ணுமில்ல, காலு லேசா மடங்கிட்டு” என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். வெந்நீர் ஒத்தடம், தைலம், இறுக்கிக் கட்டிய துணி என்று இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் எடுத்த எக்ஸ்ரேயில் வலது குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தது. அதன்பிறகு ஏழு மாதம் அவர் வண்டி ஏறவில்லை.

அவரைப் பார்க்க வந்தவர்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “வேலையில அடிபட்டுச்சா, எறங்கும்போதா?” இறங்குவது வேலையில் சேர்த்தியில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். வாடகைக்கு ஓடும் வண்டிகளுக்குக் கணக்கு மணி மீட்டரில் இருக்கிறது. இன்ஜின் ஓடினால் மீட்டர் ஓடும், அணைத்தால் நிற்கும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அந்த மீட்டரில் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. அண்ணன் விழுந்தது மீட்டர் நின்ற அடுத்த நிமிஷத்தில். இந்தக் கட்டுரை அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றியது.

1986-ல் தூத்துக்குடியும் 2019-ல் தென்காசியும் தனி மாவட்டங்களாகப் பிரிந்துபோனாலும், கூலிக்குப் போகிற ஆட்களுக்குத் திருநெல்வேலிச் சீமை இன்னும் ஒன்றுதான். காலையில் வள்ளியூரில் ஏறுகிறவர் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்ப்பார். சங்கரன்கோவில்காரர் பணகுடியில் காற்றாலைக்கு கிரேன் ஓட்டுவார். கனரக வண்டிகள் இந்தச் சீமைக்குப் புதிதும் இல்லை. தாழையூத்தில் 1949-லேயே சிமெண்ட் ஆலை வந்து, சுண்ணாம்புக்கல் தோண்டுகிற வேலை தொடங்கிவிட்டது. இன்றைக்குக் கல்குவாரி, கிரஷர், எம்-சாண்ட் ஆலை, கூடங்குளத்தின் புது அணு உலைக் கட்டுமானம், நாலுவழிச் சாலை, உப்பளக் கரை, குளம் தூர்வாரும் வேலை என்று பொக்லைன் நிற்காத திசை கிடையாது. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்கிற இரண்டு நெல் போகத்துக்கும் கதிர் அறுக்கிற வண்டிகள் வேறு வரிசை கட்டி வந்து நிற்கின்றன.

இந்த வேலைகளில் விபத்து என்றால் நம் கண்முன் வருவது ஒன்றுதான். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளத்துக் குவாரியில் ராத்திரி நேரம் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நாலு பேர் உயிர் போனது. நாள்கணக்கில் மீட்புப்பணி நடந்ததை ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சாவுகளைச் சின்னதாக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் பாறை சரிவது என்றைக்கோ ஒருநாள். வண்டியிலிருந்து இறங்குவது தினமும் பத்து, பதினைந்து தடவை. டீசல் பிடிக்க, கிரீஸ் அடிக்க, பக்கெட் பல்லைப் பார்க்க, ஒன்றுக்குப் போக, டீ குடிக்க, மேஸ்திரி கூப்பிட்டால் என்ன என்று கேட்க. ஒரு நாளைக்குப் பதினைந்து, மாதம் இருபத்தைந்து நாள் என்றால் வருஷத்துக்கு 4,500 தடவை ஒரு மனிதன் அந்த உயரத்திலிருந்து தரைக்கு வருகிறான். அதில் ஒரே ஒரு தடவை பிசகினால் போதும்.

ஏறும்போதும் விழலாம்தானே என்று கேட்கலாம். விழுகிறார்கள். ஆனால் அமெரிக்கச் சுரங்கங்களில் நடந்த காயங்களை ஆராய்ந்தவர்கள், வண்டியில் ஏறும்போது நடப்பதைவிட இறங்கும்போது நடப்பதே அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். யோசித்தால் காரணம் பிடிபடும். ஏறுகிறவனுக்குக் கைப்பிடி கண்ணுக்கு நேரே இருக்கிறது. படியும் தெரிகிறது. கை முதலில் போய்ப் பிடித்துக்கொள்கிறது, கால் பின்னால் வருகிறது. கால் வழுக்கினாலும் உடம்பு கையில் தொங்கும். இறங்கும்போது இது தலைகீழாகிறது. கால்தான் முதலில் போக வேண்டும், அதுவும் பார்வையில்லாமல். நம் வயிறும் தொடையும் படியை மறைக்கின்றன. கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவில் உள்ள தூரம்தான் எல்லாவற்றிலும் பெரிது. அந்தத் தரையோ காலையில் இருந்த தரை இல்லை. அந்த வண்டியே அதைத் தோண்டியிருக்கும், மேடாக்கியிருக்கும்.

உடம்புக்குள் நடப்பது இன்னொன்று. படி இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இறங்கும்போது முழங்கால் நடுங்குகிறது என்று வயசானவர்கள் சொல்வார்களே, அந்த நடுக்கம் இதுதான். இதோடு நாலு மணி நேரம் அதிர்வில் உட்கார்ந்திருந்த உடம்பைச் சேர்த்துப் பாருங்கள். பிரேக்கர் மாட்டிய வண்டியில் பாறை உடைக்கிறவருக்கு இருக்கை வழியாகவும் தரைத்தகடு வழியாகவும் அதிர்வு ஏறிக்கொண்டே இருக்கும். நெடுநேர அதிர்வுக்குப் பிறகு முதுகுத் தசைகள் உடனே விழித்துக்கொள்வதில்லை. தடுமாறும்போது உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டிய தசை ஒரு கணம் பிந்துகிறது. கால் மரத்திருக்கும். சித்திரை வெயிலில் தண்ணீர் குறைந்த உடம்பு எழுந்தவுடன் தலை சுற்றும். ஏசி கேபினிலிருந்து வெளியே வருகிறவருக்கு வெள்ளைப் பாறையின் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்துவிடும். ஒரு மனிதனின் உடம்பு மிகவும் தயாரில்லாமல் இருக்கிற நேரத்தில்தான் மிகவும் கவனம் தேவைப்படுகிற அசைவைச் செய்யச் சொல்கிறோம்.

அதனால்தான் குதிக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தெரியாத படியைக் காலால் தடவுவதைவிடத் தெரிந்த தரைக்குக் குதிப்பது சுலபமாகப் படுகிறது. இருபது வயதில் அது ஒன்றும் செய்வதில்லை, அல்லது செய்வது தெரிவதில்லை. ஆனால் கணக்கு என்றைக்கும் ஒன்றுதான். 120 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 17 கிலோமீட்டர். விழ ஆகும் நேரம் அரை நொடி. ஒன்றைப் பார்த்து உடம்பு பதில் கொடுக்கத் தொடங்கவே கால் நொடிக்குப் பக்கமாக ஆகும் என்பதால், கீழே கல் கிடப்பதைப் பாதி வழியில் பார்த்தாலும் காலைத் திருப்ப வழியில்லை.

அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிற்கிறது என்பதில்தான் எலும்பின் தலைவிதி இருக்கிறது. முழங்காலையும் இடுப்பையும் நன்றாக மடக்கி 40 சென்டிமீட்டரில் நிதானமாக அமர்ந்தால், சராசரியாக உடல் எடையைப் போல் நாலு மடங்கு விசை வருகிறது. 70 கிலோ ஆளுக்கு 280 கிலோ. கால் விறைத்து 12 சென்டிமீட்டருக்குள் நின்றுபோனால் பதினோரு மடங்கு, 770 கிலோ. குதிகாலில் இறங்கினால் இன்னும் மோசம், அங்கே மடங்குவதற்கு மூட்டே இல்லை. லாரி கேபினிலிருந்தும் டிரெய்லர் தளத்திலிருந்தும் இறங்குகிறவர்களின் காலில் விழும் விசையை நேரடியாக அளந்த ஓர் ஆய்வு 2000-ஆம் ஆண்டு அப்ளைடு எர்கனாமிக்ஸ் என்ற ஆய்விதழில் வந்தது. குதித்தவர்களுக்கு உடல் எடையில் 12 மடங்கு வரை போயிருக்கிறது. படியையும் கைப்பிடியையும் முழுக்கப் பயன்படுத்தி இறங்கியபோது ஏறக்குறைய இரண்டு மடங்குதான். அதே ஆள், அதே வண்டி.

இந்த விசை போய்ச் சேரும் இடங்கள் மருத்துவர்களுக்கு மனப்பாடம். முதலாவது குதிகால் எலும்பு. உள்ளே பஞ்சுபோல் இருக்கும் அந்த எலும்பு மேலிருந்து வரும் அடியில் முட்டை ஓடு மாதிரி நசுங்கும். கூடினாலும் பழைய உருவம் வருவது கடினம், மேடுபள்ளத்தில் நடப்பது பல வருஷத்துக்கு வலிக்கும். குவாரியில் மேடுபள்ளம் தவிர வேறென்ன இருக்கிறது? இரண்டாவது இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு. உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருக்கும் என்பது எலும்பு மருத்துவத்தின் பாலபாடம். கால் வலியில் முதுகு வலி மறைந்துவிடும் என்பதால் விவரம் தெரிந்த மருத்துவர் காலைப் பார்த்துவிட்டு முதுகையும் படம் எடுக்கச் சொல்வார். அதற்கு நோயாளி, “கால் பிசகிட்டு” என்று சொல்லாமல், “இவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தேன்” என்று சொல்ல வேண்டும். நம் ஆட்கள் அதைச் சொல்வதில்லை. விழுந்தது கௌரவக் குறைச்சலாகப் படுகிறது. கணுக்கால், முழங்கால் தசைநார், கையை ஊன்றினால் மணிக்கட்டு, இவையும் போகும்.

மோதிரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கல்யாண மோதிரம் போட்ட கையால் கைப்பிடியையோ கதவுக் கொக்கியையோ பிடித்தபடி கீழே குதிக்கும்போது, மோதிரம் மேலே ஏதாவது ஒரு விளிம்பில் மாட்டிக்கொள்ளும். உடம்பின் முழு எடையும் அந்த ஒரு விரலில் தொங்கும். தோலும் சதையும் உரிந்து வரும், சில நேரம் விரலே போகும். மோதிரத்தைக் கழற்றி மதினியிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போங்கள் என்று எந்த ஆபரேட்டரைப் பார்த்தாலும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எல்லா வண்டியும் ஒரே மாதிரி ஆளைத் தள்ளுவதில்லை. செயின் பொக்லைனை எடுத்துக்கொள்வோம். ஏறி இறங்குவதற்கான மிதிகட்டை கீழே செயின் சட்டத்தில் இருக்கிறது. கேபினோ மேலே சுழல்கிற பாகத்தில் இருக்கிறது. வண்டி நேராக முகம் பார்த்து நிற்கும்போது மட்டும்தான் கேபின் வாசலும் கீழ் மிதிகட்டையும் ஒரே நேர்கோட்டில் வரும். டிப்பருக்கு லோடு போட்டுவிட்டுக் கேபின் பாதி திரும்பிய நிலையிலேயே இன்ஜினை அணைத்துவிட்டால், வாசலுக்கு நேர் கீழே மிதிகட்டை இருக்காது. செயின் பட்டைகளின் மேலே கால் வைக்க வேண்டும். அந்தப் பட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்புகளுக்கு நடுவே ஈரமண்ணோ கல்தூளோ அப்பியிருக்கும். 20 டன் வண்டியில் செயினின் மேல்பக்கமே ஏறக்குறைய இடுப்பு உயரம். அண்ணன் விழுந்த அன்றைக்கு வண்டி நின்ற நிலையும் அதுதான். கேபினை நேராகத் திருப்பி நிறுத்த அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதை யாரும் அவருக்கு வேலையாகச் சொல்லித் தரவில்லை.

லோடர், பெரிய டம்பர் போன்றவற்றில் கடைசிப் படி பாறையில் இடித்து உடையாமல் இருக்க ரப்பர் பட்டையிலோ சங்கிலியிலோ தொங்கவிட்டிருப்பார்கள். கால் வைத்தால் அது வண்டிக்கு உள்பக்கமாகப் போகும். கைப்பிடி இல்லாமல் வெளிப்பக்கம் பார்த்து இறங்குகிறவனுக்கு அப்போது பாதத்துக்கு அடியில் காற்றுதான். பழைய வண்டிகளில் இந்தப் பட்டை அறுந்துபோயிருக்கும். அறுந்த படியைத் திரும்ப மாட்டின வண்டிகளைவிட மாட்டாத வண்டிகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். சில இடங்களில் ஒரு வழுவழுப்பான கம்பியை வெல்டிங் வைத்திருப்பார்கள். மழைநாளில் அதில் கால் வைப்பதும் எண்ணெய்க் குழாயில் வைப்பதும் ஒன்று.

டிப்பரில் ஓட்டுநரைவிடக் கிளீனருக்கு ஆபத்து அதிகம். லோடு ஏறியதும் தார்ப்பாய் இழுத்துக் கட்ட மேலே ஏறுகிறவர் அவர்தான். அங்கே படியென்று ஒன்று பெயருக்குக்கூட இல்லாத வண்டிகள் உண்டு. டயரை மிதித்து, பாடியின் கொக்கியைப் பிடித்து ஏறுகிறார். கட்டி முடித்ததும் ஓட்டுநர் ஹாரன் அடிப்பார், இவர் குதிப்பார்.

கதிர் அறுக்கிற வண்டியில் சேறுதான் முதல் எதிரி. அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வயல்களில் பிசானத்து அறுவடைக்கு ஈரம் முழுக்க வடிவதற்கு முன்பே வண்டி இறங்கிவிடும். ஆபரேட்டரின் காலில் சகதி, ஏணிப்படியில் வைக்கோல் துணுக்கு. இரண்டும் சேர்ந்தால் பாசி பிடித்த படித்துறை மாதிரி. வண்டிக்காரர்கள் வெளியூரிலிருந்து வந்து சீசன் முழுக்க ராவும் பகலுமாக ஓட்டுகிறவர்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சிக்கிய வைக்கோலை எடுக்க இறங்குகிறவருக்கு எத்தனையாவது படியில் நிற்கிறோம் என்பதே மறந்துபோகும். பலர் செருப்புக்கால், சிலர் வெறுங்கால். சாரத்தை, அதாவது லுங்கியை, மடித்துக் கட்டியிருப்பார்கள், அது அவிழ்ந்து லீவரில் மாட்டினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

மண்ணும் காற்றும்கூட இந்தக் கதையில் ஆட்கள்தான். மானூர், கயத்தாறு பக்கத்துக் கரிசல் நனைந்தால் பூட்சின் அடியில் இரண்டு விரல் கனத்துக்கு ஒட்டிக்கொள்ளும். அதோடு இரும்புப் படியில் கால் வைத்தால் படிக்கும் காலுக்கும் சம்பந்தமே இருக்காது. திசையன்விளைத் தேரியின் செம்மணலில் குதித்தால் மெத்தென்று இருக்கும் என்று நினைப்பார்கள். ஒரு கால் புதைந்து மறுகால் புதையாமல் நின்றால் முழங்கால்தான் திருகும். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று பணகுடி, ராதாபுரம் வரைக்கும் ஆளைத் தள்ளுகிற காற்று. கேபின் கதவைத் திறந்து, கதவையே பிடியாகப் பிடித்து இறங்குகிற பழக்கமுள்ளவரைக் கதவோடு இழுத்துக்கொண்டு போய்விடும். கதவு பிடிப்பதற்கு உள்ளது இல்லை. கைப்பிடி தனியாக இருக்கிறது.

இந்த வேலை படித்தவர்கள் உலகம் முழுக்கச் சொல்லும் விதி எளிமையானது. வண்டியைப் பார்த்தபடி, பின்பக்கமாக இறங்க வேண்டும். இரண்டு கையும் ஒரு காலும், அல்லது இரண்டு காலும் ஒரு கையும், எந்த நேரத்திலும் வண்டியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கையில் எதுவும் இருக்கக் கூடாது. ஓடுகிற, அசைகிற வண்டியில் ஏறவோ இறங்கவோ கூடாது. தரையைப் பார்த்துவிட்டுக் கடைசிக் காலை வைக்க வேண்டும்.

இதைப் படிக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது எங்கள் ஊர்ப் பனையேறிகள். பனையேறி ஒருநாளும் மரத்துக்கு முதுகு காட்டி இறங்கமாட்டார். நெஞ்சும் முகமும் மரத்தைப் பார்த்திருக்கும். காலில் தளைநார். பாளை சீவுகிற அரிவாளும் சுண்ணாம்பும் இடுப்பில் கட்டிய அருவாப்பெட்டியில். கலயமும் இடுப்போடு. கை இரண்டும் மரத்துக்கு மட்டும். தரையிலிருந்து முதல் பிடிக்கு எட்டாது என்பதால் முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து வைத்திருப்பார். இறங்கும்போதும் அதில் கால் வைத்துத்தான் மண்ணுக்கு வருவார். இத்தனை இருந்தும் பனையிலிருந்து விழுந்து செத்தவர்களும் முடங்கியவர்களும் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அது அவ்வளவு உயரம். ஆனால் கை காலியாக இருக்க வேண்டும், முகம் மரத்தைப் பார்க்க வேண்டும், தரைக்கும் முதல் பிடிக்கும் நடுவில் ஒரு தடி வேண்டும் என்பதையெல்லாம் இந்தச் சீமை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. ஒரு தடியின் விலைகூட இல்லாத அந்த ஏற்பாடு, அரைக்கோடிக்கும் மேல் விலையுள்ள வண்டியில் அறுந்து தொங்குகிறது.

விதியை எழுதி ஒட்டிவிட்டால் போதும் என்ற நினைப்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று பிடி பிடிக்கச் சொல்கிறோம், கைப்பிடி வளைந்து, கிரீஸ் பூசி, பாதி உடைந்து இருக்கிறது. கையில் ஒன்றும் வைக்காதே என்கிறோம், தண்ணீர் கேனை எங்கே வைப்பது? தோளில் மாட்டும் பை ஒன்று, அல்லது சாமானைக் கயிற்றில் கட்டி முதலில் கீழே இறக்கும் வழக்கம், அல்லது குவாரியிலேயே தண்ணீர்த் தொட்டி. இவற்றில் ஏதாவது ஒன்றை முதலாளி செய்திருந்தால் அண்ணனின் இரண்டு கையும் அன்றைக்குக் காலியாக இருந்திருக்கும். மண் நகர்த்தும் வண்டிகளின் படி, ஏணி, கைப்பிடி எப்படி இருக்க வேண்டும் என்று ஐஎஸ்ஓ 2867 என்ற சர்வதேச அளவுகோலே இருக்கிறது. வண்டி புதிதாக வரும்போது பெரும்பாலும் அதன்படிதான் வருகிறது. மூன்றாம் கை, நாலாம் கை மாறி நம் குவாரிக்கு வரும்போது படி இருக்காது. இன்ஜின் ஆயில் மாற்றுகிற அன்றைக்குப் படியையும் பிடியையும் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பது ஒரு வேலையாக ஆகவேண்டும். வண்டி நிறுத்துகிற இடம் என்று சமதரையாக, கல் பொறுக்கிய, ராத்திரியில் விளக்கு எரிகிற ஒரு துண்டு நிலம் வேண்டும்.

அவசரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வாடகை மணிக்கணக்கு. கீழே டிப்பர் வரிசை. ஓட்டுநர்களுக்கு நடைக்கு இத்தனை பேட்டா. ஒருவர் இரண்டு நிமிஷம் நிதானமாக இறங்கினால் பின்னால் நிற்கிற நாலு பேரின் கூலி தள்ளிப்போகிறது. இந்த நிலையில் குதிக்கிறவனைக் கவனக்குறைவானவன் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

விழுந்த பிறகு நடப்பது இன்னொரு கொடுமை. நம் ஊரில் விழுந்தவனைப் பைக்கில் ஓட்டுபவருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோவார்கள். பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தப் பள்ளமேட்டுப் பயணத்தில் தண்டுவடம் நசுங்கிக் கால் இரண்டும் செயலிழக்கலாம். விழுந்தவருக்கு முதுகு வலித்தாலோ, காலில் மரப்பு இருந்தாலோ, அப்படியே அசையாமல் படுக்கவைத்து 108-க்குப் போன் செய்வதுதான் சரி. குவாரிக்கு வழி தெரியாது என்றால் ரோட்டு முக்கில் ஒருவரை நிறுத்துங்கள். அதேபோல எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுப் போட வேண்டாம். எலும்புக்கு நாட்டுக் கட்டுப் போடுகிற கட்டுக்காரரிடம் போகிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அங்கே பணமும் கம்மி, பேச்சும் ஆறுதல். ஆனால் குதிகால் மூட்டுக்குள் முறிந்திருக்கிறதா என்பதைக் கை தடவிச் சொல்ல முடியாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம்.

இனி சட்டம். குவாரி என்பது சட்டத்தின் கண்ணில் சுரங்கம். 72 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வரமுடியாமல் போகிற காயத்தை அறிவிக்க வேண்டிய காயம் என்று 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் வகுத்தது. அண்ணன் மாதிரி ஆட்கள் முதல் இரண்டு நாள் வீட்டில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு, “நாளைக்கு வாறேன் அண்ணாச்சி” என்று போனில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். மூன்றாம் நாள் உண்மை தெரியும்போது, விழுந்ததற்குச் சாட்சியும் இல்லை, பதிவும் இல்லை, வண்டியும் வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

இழப்பீட்டுக்கு 1923-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கின்றன. வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் ஏற்பட்ட விபத்துக்கு முதலாளி பொறுப்பு. வேலைக்காக ஏறிய வண்டியிலிருந்து இறங்குவது வேலையின்போது நடப்பதுதான், இன்ஜின் நின்றிருந்தாலும். வேலை செய்ய முடியாத நிலை மூன்று நாளுக்கு மேல் நீடிக்க வேண்டும். தற்காலிக முடக்கத்துக்கு மாதச் சம்பளத்தின் 25 சதவீதம், அரை மாதத்துக்கு ஒருமுறை. முடக்கம் 28 நாளை எட்டினால் முதல் நாளிலிருந்தே கணக்கு. 2009-ஆம் ஆண்டுத் திருத்தம் மருத்துவச் செலவையும் முதலாளி தலையில் வைத்தது. இஎஸ்ஐ என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உள்ளவர்களுக்கு வழி வேறு, அங்கே பலன் இதைவிட நல்லது.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று, நான் இந்தக் கட்டுரையில் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பேன். “நீயாக் குதிச்சே, நீயா விழுந்தே, நான் என்ன செய்ய?” என்பது சட்டப்படி பதில் இல்லை. குடித்திருந்தார், பாதுகாப்புக்கென்று தெளிவாகக் கொடுத்த உத்தரவை வேண்டுமென்றே மீறினார், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றினார் என்பவைதான் இழப்பீட்டை மறுப்பதற்குச் சட்டம் அனுமதிக்கும் காரணங்கள். அவையும் உயிர் போனாலோ முழு நிரந்தர முடக்கம் ஆனாலோ செல்லாது. வெறும் கவனக்குறைவு அந்தப் பட்டியலில் இல்லை. வண்டி ஒருவருடையது, ஒப்பந்தம் இன்னொருவருடையது, குவாரி மூன்றாமவருடையது என்று கைகாட்டினாலும், ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு மூல முதலாளியிடமே கேட்க வழி இருக்கிறது. கேட்பதற்குக் கெடு இரண்டு வருஷம்.

ஆகவே விழுந்த அன்றைக்கே செய்ய வேண்டியது மூன்று காரியம். உடன் வேலை பார்த்தவர் ஒருவரை வைத்து வண்டியையும் படியையும் தரையையும் போனில் படம் எடுத்துக்கொள்வது. முதலாளிக்கோ மேஸ்திரிக்கோ வாட்ஸ்அப்பில் ஒரு வரி, “இன்ன நேரம், இன்ன வண்டியிலிருந்து இறங்கும்போது விழுந்தேன்” என்று அனுப்புவது. ஆஸ்பத்திரிச் சீட்டில், வேலை இடத்தில் வண்டியிலிருந்து விழுந்தது என்று எழுதச் சொல்வது. வீட்டில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லச் சொல்லி யாராவது கேட்டால், அந்த ஒரு பொய்யால் போகப்போவது உங்கள் ஏழு மாதச் சோறு.

அண்ணன் இதில் எதையும் செய்யவில்லை, அப்போது எங்களுக்குத் தெரியாது. மதினியின் கம்மல்தான் அந்த ஏழு மாதத்தைத் தாங்கியது. இப்போது அவர் வேறு ஒருவரிடம் டயர் வண்டி ஓட்டுகிறார். சேர்ந்த முதல் வாரமே கீழ்ப்படி இல்லை என்று சொல்லி, ஓட்டை போட்ட தகடு ஒன்றை வெல்டிங் வைத்து வாங்கிக்கொண்டார். தூக்குக்கு ஒரு தோள்பை. சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குகிறார். பிறகு வண்டியைப் பார்த்தபடி, ஒவ்வொரு படியாக இறங்குகிறார். கீழே நிற்கும் பையன்கள், “என்ன அண்ணாச்சி, கிழவன் மாதிரி எறங்குதிய?” என்கிறார்கள். “ஆமாடே” என்று சொல்லிவிட்டு அடுத்த படியைக் காலால் தேடுகிறார்.